கடப்பைத் தாண்டிய பெட்டி

மகள் மலேசியாவுக்கு இரண்டு டிக்கட் எடுத்து அனுப்பிய அன்றே என் கணவர் சந்தைக்குப் போய் ஒரு கட்டு நைலோன் கயிறும் பழுப்பு நிற டேப் சுருள்களும் வாங்கி வந்துவிட்டார். நாலு நாள் பயணம். தங்குவதற்கு ஹோட்டல், காலைச் சாப்பாடு அங்கேயே. அதற்குக் கயிறு எதற்கு என்று கேட்டேன். பெட்டியைக் கட்டாமல் எப்படிக் கொண்டு போவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவரைக் குறை சொல்லவும் ஏலாது. கட்டாரில் வேலை செய்தவர். மகளுக்குப் பால்பல் முளைத்த காலத்திலிருந்து பல்கலைக்கழகம் முடிக்கும் வரைக்கும் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் லீவில் வருவார், பெட்டி கட்டுவார், போவார். பெட்டி என்றால் அவருக்கு அந்தப் பெட்டிதான். நாலு பக்கமும் கறுப்பு மையால் பெயர், குறுக்கும் நெடுக்கும் டேப், மேலே கயிறு. உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்தேன். தடித்த போர்வை, குளியலறைச் செருப்பு, தைலப் போத்தல், கருவாடு, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், சவர்க்காரம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு அகப்பை.

"இது என்னத்துக்கு?"

"தேவைப்படும்."

"ஹோட்டல் அறையில அடுப்பே இல்ல."

"போனாப் பிறகு தெரியும். முதல் தரம் நானும் இப்பிடித்தான் ஒண்டும் கொண்டு போகாம அந்தரப்பட்டனான்."

சிரித்தேன். ஆனால் எனக்கும் பெரிய கெட்டித்தனம் இல்லை. அவருக்காக எத்தனையோ பெட்டிகள் அடுக்கியிருக்கிறேன்; எனக்கென்று ஒன்றும் அடுக்கியதில்லை. சின்ன சூட்கேஸைத் திறந்து வைத்துவிட்டு என்ன வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இரண்டு சேலை வைத்தேன். பிறகு கை தன்பாட்டில் குசினிக்குப் போய் மிளகாய்த்தூள் எடுத்து வந்து மூன்று பைகளுக்குள் போட்டுச் சுற்றியது. ஆக, இரண்டு பெட்டியிலும் மிளகாய்த்தூள். கொழும்பில் வேலை செய்யும் மகள் வீடியோவில் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஹொலிடேக்குப் போறீங்களா, அங்க கடை போடப் போறீங்களா?"

எடை பார்க்க வீட்டில் தராசு இல்லை. வாவிக்கரையில் மீன் வாங்கி விற்கிறவரின் வாடிக்கொட்டிலுக்குப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் அதைத் தொங்கவிட்ட அந்த மனிதர், "இந்தப் பாரத்தில எனக்கு ஒரு கொடுவா கிடைச்சா இண்டைக்கே கடையப் பூட்டிட்டு நானும் உங்களோட வருவன்" என்றார். பாரம் கூடிப்போய்விட்டது. போர்வையை வெளியே எடுத்தோம். அகப்பையை மட்டும் என் கணவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பிறகு விமான நிலையம் வரைக்கும் அந்தப் பெட்டியில் லேசாக மீன் வாடை அடித்தது.

எங்கள் வளவு வாசலில் இப்போது இரும்புக் கேற் போட்டிருக்கிறோம். ஆனாலும் வேலி இருந்த காலத்து வழக்கத்தில் அதைக் கடப்பு என்றுதான் சொல்வோம். பயணப் பெட்டி நல்ல நேரம் பார்த்துக் கடப்பைத் தாண்டவேண்டும். புறப்படுகிற நேரமும் நல்ல நேரமும் பொருந்தாவிட்டால் பெட்டியை மட்டும் முன்னதாகவே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். தாண்டினால் பயணம் தொடங்கியாச்சு. அதற்குப் பிறகு மறந்த சாமானை எடுக்கத் திரும்பக்கூடாது, பெட்டியை உள்ளே கொண்டுவரக்கூடாது, போகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மீறியதும் இல்லை. அவரோ முழுதாக நம்புகிறவர். எத்தனை தரம் போனாரோ அத்தனை தரமும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவருடைய முகத்தைவிடப் பிடரி எனக்கு நல்ல பழக்கம்.

சில தடவைகள் நானும் மகளும் கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் வாடகை வான் பிடித்துப் போயிருக்கிறோம். அங்கே ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறது. டிக்கட் உள்ளவர்கள் அதற்குள் போவார்கள். அனுப்ப வந்தவர்கள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிடரி கொஞ்சத் தூரம் தெரியும், பிறகு ஆட்களுக்குள் காணாமல் போய்விடும். நாங்கள் திரும்பி வந்து வானில் ஏறுவோம். மகள் என் மடியில் நித்திரையாகிவிடுவாள். நான் வாழைச்சேனைப் பாலம் வரும்வரைக்கும் கண்ணைத் திறந்துகொண்டே வருவேன்.

மலேசியாவில் உயரமான கட்டடங்கள் இருக்கின்றன, முருகன் கோவில் இருக்கிறது என்று மகள் படங்கள் அனுப்பினாள். எனக்கு வேண்டியது அதுவல்ல. அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் அவரோடு பக்கத்தில் நடந்து போகவேண்டும். ஒருமுறை போதும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "உள்ள என்ன இருக்கு, கதிரைதான் இருக்கு" என்பார்.

அவருக்கு இந்தப் பயணத்தில் துளியும் விருப்பம் இல்லை. "லீவெண்டா வீட்ட இருக்கிறது. பிளேன் ஏறுறது லீவு இல்ல" என்று மகளிடமே சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மகளின் முகத்துக்காகத்தான் சம்மதித்தார். ஒரு சின்னச் சாட்டுக் கிடைத்தால் போதும், கயிற்றை அவிழ்த்துவிடுவார். அதனால் புறப்படும் நாள்வரைக்கும் அவருக்குத் தடிமன்கூட வரக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தேன்.

இடையில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பகிடி உண்டு. மகள் முதலாம் வகுப்புப் படித்தபோது ஒரு தரம் அவர் லீவு முடிந்து போனார். மகளுக்குக் காய்ச்சல். அதனால் நாங்கள் வழியனுப்பப் போகவில்லை. பின்னேரம் விமானம் ஏறுகிற நேரம் என்று கணக்குப் பார்த்துப் பிள்ளை ஒரே அடம்: அப்பாவின் பிளேனைப் பார்க்கவேண்டும். காய்ச்சலோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வளவுக்குள் நின்றேன். பொழுது படுகிற நேரம் வாவிக்கு மேலால் ஒரு பிளேன் போனது. பிள்ளை டோர்ச்சை அடித்து அடித்துக் கை காட்டினாள். இரண்டு நாள் கழித்து அவர் கட்டாரிலிருந்து போன் எடுத்ததும் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "அப்பா, நான் டோர்ச் அடிச்சனே, கண்டீங்களா?"

"ஓம் மகள், கண்டனான்" என்றார் அவர்.

மகள் வளர்ந்து பூமிசாத்திரம் படித்தபிறகுதான் விசயம் வெளியே வந்தது. கட்டாருக்குப் போகிற பிளேன் மேற்கே போகும். எங்கள் ஊர் கிழக்குக் கரை. அந்தப் பக்கமே வராது. அன்றிலிருந்து வீட்டில் யாராவது கூசாமல் பொய் சொன்னால் மகள் முகத்தை நேரே வைத்துக்கொண்டு, "ஓம் மகள், கண்டனான்" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய கிழமை, மத்தியானச் சாப்பாடு முடித்து, நல்ல நேரம் பார்த்துப் பெட்டிகளைக் கடப்புக்கு வெளியே வைத்து, ஊர்ப் பெடியன் ஒருவனின் வானில் புறப்பட்டோம். அவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கடப்படியில் வழியனுப்ப யாரும் இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது. வழியனுப்புகிற ஆள் நான்தானே, நான் வானுக்குள் இருக்கிறேன்.

கல்லடிப் பாலம் தாண்டி, ஏறாவூர் தாண்டி, செங்கலடிச் சந்தியில் தண்ணீர்ப் போத்தல் வாங்க வான் நின்றபோது அவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. இரவு போகவேண்டிய விமானம் நாளை மத்தியானத்துக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். அவர் அதை இரண்டுதரம் வாசித்தார். அவருடைய முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தம்பி, வானத் திருப்புங்க" என்றார்.

"தம்பி, திருப்பாதீங்க" என்றேன் நான்.

"வீட்ட போய்ப் படுத்திட்டு விடிய வெளிக்கிடுவம், புள்ள."

"பெட்டி கடப்பத் தாண்டிட்டு."

"நீ எப்ப இருந்து இதெல்லாம் நம்புறாய்?"

"இண்டைக்கு இருந்து."

பெடியன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான். எங்களுக்கு மரியாதை என்று அதை எடுத்துக்கொள்ள ஏலாது. நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கவேண்டும். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு முற்றத்துக் கதிரையில் சாய்வார். காலையில், "என்னத்துக்கு இந்த அலைச்சல், மகளிட்ட நான் சொல்றன்" என்பார். அதோடு சரி.

"அப்ப எங்க போறது? சந்தியிலயா படுக்கிறது?"

"உங்கட தங்கச்சி வீடு இருக்கே. அடுத்த ஒழுங்கைதானே."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அப்படித்தான் இவர் செங்கலடியிலிருந்து என்னுடைய வீட்டுக்கு வந்தார். இவர் பிறந்த வீடு தங்கச்சிக்குப் போனது. சொந்தத் தங்கச்சி, பிறந்த வீடு. ஆனாலும், "வேணாம், அவளுக்குக் கரைச்சல்" என்றார். ஒரு இரவு படுப்பதில் என்ன கரைச்சல் என்று கேட்டேன். நான் பெடியனுக்கு ஒழுங்கையைக் காட்டினேன்.

மச்சாளுக்குப் பெரிய குரல். கேற்றுக்கு வருவதற்கு முன்பே அவள் குரல் வந்துவிடும். "மலேசியா எண்டு சொன்னாங்க, செங்கலடிக்கு வந்திருக்காங்க! வாங்க மச்சாள், வாங்க, எங்கட கடலப் பாருங்க" என்று வாசலில் தேங்கி நின்ற தண்ணீரைக் காட்டினாள். வான் திரும்பிப் போனது. பெட்டிகள் விறாந்தையில் இருந்தன. இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லையே என்று அவள் இழுத்தபோது இவர் கத்தியைக் கேட்டு வாங்கி, பெட்டியின் டேப்பை வெட்டி, கருவாட்டை எடுத்துக் கொடுத்தார். கறி கொதிக்கிறபோது மச்சாளின் அகப்பைக் காம்பு கழன்று சட்டிக்குள் விழுந்தது. என் கணவர் எழும்பிப் போய்ப் பெட்டிக்குள் கைவிட்டார்.

"சொன்னனான்தானே, தேவைப்படும் எண்டு."

அந்த இரவு முழுக்க அவருடைய சந்தோசத்தைத் தாங்க ஏலவில்லை.

காலையில் இன்னொரு செய்தி வந்தது. மத்தியானம் என்றது இரவாகிவிட்டது. நாலு நாளில் ஒரு நாள் இங்கேயே போய்விட்டது. அவர் போனை மேசையில் வைத்தார்.

"முடிவாச் சொல்றன். இது சரிவராது. போய்ச் சேர்ந்து திரும்புறதுக்குத்தான் நேரம் சரி. வீட்ட போவம்."

வானுக்குச் சொல்லப் போனைத் திரும்ப எடுத்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மச்சாள் இருக்கிறாள் என்றும் பார்க்கவில்லை.

"உங்களுக்கு வர விருப்பமில்ல. அத முதல்லயே சொல்லியிருக்கலாம். கயிறும் டேப்பும் வாங்கி என்னத்துக்கு இந்தக் கூத்து?"

மச்சாள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவள். சண்டையை ஆற்றுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். "விடுங்க மச்சாள், பயணம் தள்ளிப்போனா அண்ணன் இப்பிடித்தான். அண்டைக்கும் ஏஜென்சிக்காரன் நாளைக்கு எண்டு சொன்னாப்போல பேயறைஞ்ச மாதிரி இந்தக் கதிரையில இருந்தவர். புள்ளைக்குக் காய்ச்சல் எண்டீங்களே, வீட்ட போங்க அண்ணன் எண்டு நான் எத்தினை தரம்..."

அதோடு நின்றுவிட்டாள். தேத்தண்ணீர் கோப்பை நிறைந்து பீரிசுக்குள் வழிந்தது.

"எண்டைக்கு?" என்று கேட்டேன்.

"என்ட வாய்" என்றாள் மச்சாள். "கடவுளே, என்ட வாய்." இத்தனை வருடம் காப்பாற்றிய சத்தியம் ஒரு தேத்தண்ணீரில் போய்விட்டது என்று அவளுடைய முகத்தில் தெரிந்தது. தேத்தண்ணீர்ச் சருவத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். எனக்கு அவ்வளவு கோபம் வேறு எப்போதும் வந்ததாக நினைவில்லை. காய்ச்சல் என்றால் அது சும்மா காய்ச்சல் இல்லை. இரவு முழுக்கப் பிள்ளை அனத்தியது. நான் தனியே ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, மனுசன் இப்போது கடலுக்கு மேலே இருப்பார், பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுசன் செங்கலடியில் இருந்திருக்கிறார்.

அவர் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பவில்லை.

"புள்ளைக்குக் காய்ச்சல். நான் தனிய. ஒரு மணித்தியாலத் தூரம். நீங்க இஞ்ச கதிரையில இருந்திருக்கீங்க."

"முழுக்க இருக்கல்ல" என்றார். "பின்னேரம் மச்சான்ட மோட்டார் சைக்கிள எடுத்துக்கொண்டு வந்தனான்."

"எங்க வந்தீங்க?"

"கடப்படிக்கு."

கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ புள்ளைய இடுப்பில வச்சிக்கொண்டு வளவுக்குள்ள நிண்டாய். பச்சைப் போர்வை நிலத்தில இழுபட்டுது. ஒரு பிளேன் போச்சு. புள்ள டோர்ச் அடிச்சிது."

பச்சைப் போர்வையைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? அப்பா, நான் டோர்ச் அடிச்சனே, கண்டீங்களா என்று பிள்ளை கேட்டது என் காதில் கேட்டது. ஓம் மகள், கண்டனான். நாங்கள் வருடக் கணக்காகச் சிரித்த பொய். எங்களோடு அவரும் சிரித்தார்.

"ஏன் உள்ள வரல்ல?" என்று கேட்டேன். என்னுடைய குரலை எனக்கே பிடிக்கவில்லை.

"உள்ள வந்திருந்தா மறுகா போயிருக்க மாட்டன்."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், கிணற்றில் தண்ணீர் வற்றிப்போச்சு என்று சொல்கிற மாதிரி. எனக்குக் கோபம் போகவில்லை. போகாமலே அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மூக்குத்தான் ஒழுகும். சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"நானும் அதுக்குத்தான் நேத்து வானத் திருப்ப விடல்ல" என்றேன். "வீட்ட போனா நீங்க மறுகா வெளிக்கிட மாட்டீங்க. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ள ஒரு தரம் உங்களோட போகவேணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம். மலேசியாவும் வேணாம்."

அவர் எனக்கு முகம் கழுவ ஒரு வாளி தண்ணீர் அள்ளி வைத்தார். "உள்ள என்ன இருக்கு, கதிரைதான் இருக்கு" என்றார்.

பிறகு போனை எடுத்து வான் பெடியனைக் கூப்பிட்டார். "தம்பி, கெதியா வாங்க. கொழும்புக்குத்தான்."

மச்சாள் கேற்றடிவரைக்கும் வந்தாள், குரலே இல்லாமல். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அகப்பையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வானில் ஏறினோம். எனக்குக் கோபம் பொலன்னறுவை வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு பசிதான் இருந்தது.

கட்டுநாயக்காவில் வழக்கம்போலக் கூட்டம். எத்தனையோ குடும்பங்கள் யாரையோ அனுப்ப வந்து கம்பியடியில் நின்றன. ஒரு பிள்ளை தகப்பனின் கழுத்தை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இவர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். வெட்டிய இடத்தில் புதிதாகச் சுற்றிய டேப் மினுங்கியது. காவலாளியிடம் தாளைக் காட்டிவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பிடரி தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக எந்த இடத்தில் ஆட்களுக்குள் காணாமல் போவாரோ அந்த இடம் வந்தது.

அங்கே தள்ளுவண்டி நின்றது. அவர் பக்கத்தில் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

முழுதாகத் திரும்பி, கண்ணாடியோடு வந்து நின்று, கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். என்னவோ சொன்னார், வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. அப்போதுதான் பார்த்தேன், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கால் தானாகவே அங்கே போய் நின்றிருக்கிறது. அவர் என்னைக் கண்டதும் என்னுடைய கையும் தானாகவே உயர்ந்து அவருக்கு டாட்டா காட்டியது.

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. கையால் தன் பக்கத்து நிலத்தைக் காட்டினார்.

கைப்பைக்குள்ளிருந்த என்னுடைய டிக்கட்டைக் காவலாளியிடம் காட்டி நான் உள்ளே போனேன். விமானம் இன்னும் தாமதம் என்று பலகையில் போட்டிருந்தது. அவர் சொன்னது சரி. உள்ளே கதிரைகள்தான் இருந்தன. இரண்டில் நாங்கள் இருந்தோம்.